கொமடோர்காரர் வீட்டுக்குப் போன ஸ்பெக்ட்ரம்

பயன்படாமல் கிடக்கும் பழைய வீட்டுக் கணினிகளுக்குப் புதிய உரிமையாளர்களைத் தேடிக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். எனக்குப் பழுது பார்க்கத் தெரியும் என்பது நாலு பேருக்குத் தெரிந்ததும் பரண்களில் கிடந்தவை ஒவ்வொன்றாக என்னிடம் வரத் தொடங்கின. வந்தவற்றையெல்லாம் வைத்துக்கொள்ள எனக்கு இடமும் இல்லை, ஆசையும் இல்லை. மல்டிமீட்டரும் பற்றவைப்புக் கோலும் தீர்க்கக்கூடிய சிக்கல்கள் இந்த வேலையில் குறைவு. அதிகமாகக் குறுக்கே வருவது 1980-களில் இந்த இயந்திரங்களை வைத்திருந்தவர்களுக்கிடையே நடந்த கட்சிச் சண்டைதான். அது இன்னும் முடியவில்லை.

அந்தச் சண்டைக்குக் காரணம் இருந்தது. ஒரு வீட்டில் ஒரு கணினிதான் வாங்க முடியும், அதுவும் ஒரு முறைதான். ஒன்றுக்கென எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. நிரலை ஒலியாகப் பதிந்து வைத்த நண்பனுடைய கேசட்டை வாங்கி வந்து நம் கணினியில் போட்டுப் பார்க்க முடியாது. 1982-இல் பிரிட்டனில் வெளிவந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தின் 16 கிலோபைட் வகை 125 பவுண்டுக்கும் 48 கிலோபைட் வகை 175 பவுண்டுக்கும் விற்றன. அதே ஆண்டு அமெரிக்காவில் கடைக்கு வந்த கொமடோர் 64-இன் தொடக்க விலை 595 டாலர். இவ்வளவு கொடுத்து வாங்கிய பிறகு, தவறான பெட்டியை வாங்கிவிட்டோம் என்று எந்தப் பையனாவது ஒப்புக்கொள்வானா? கையில் இருப்பதே சிறந்தது என்று நிறுவுவது அவனுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

நான் ஸ்பெக்ட்ரம் கட்சி, என் பெரியப்பா மகன் கொமடோர் கட்சி. அவனிடம் இருந்த ஆயுதங்கள் வலுவானவை: மூன்று குரல்களில் இசைக்கும் சிட் என்னும் ஒலிச் சிப், திரையில் தனித்தனியாக நகர்த்தக்கூடிய எட்டு ஸ்பிரைட்டுகள், உண்மையான கீபோர்டு. என்னுடையதில் இருந்தவை ரப்பர் விசைகள். போதாக்குறைக்கு, ஸ்பெக்ட்ரம் திரையில் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இரண்டு வண்ணங்களுக்கு மேல் வர முடியாது. ஆகவே விளையாட்டில் ஓடும் மனிதன் மரத்தைக் கடக்கும்போது அவனும் பச்சையாகிவிடுவான். என் பக்கத்து வாதம் நினைவகமும் பேசிக் என்னும் நிரல்மொழியும். 64 கிலோபைட் என்று பெயரிலேயே பறைசாற்றும் கொமடோர், இயக்கியவுடன் பேசிக் நிரலுக்கு 38,911 பைட்டுதான் இருக்கிறது என்று தானே திரையில் எழுதிக் காட்டும். 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரத்தில் 41,000-க்கும் மேல் கிடைக்கும். கொமடோரின் பேசிக்கில் கோடு வரையவோ ஒலி எழுப்பவோ ஒரு கட்டளைகூட இல்லை. எல்லாவற்றுக்கும் நினைவக முகவரிகளில் எண்களைத் திணிக்க வேண்டும். “வட்டம் வரைய எனக்கு ஒரு வரி போதும்டா, உனக்கு எத்தனை வரி?” என்று கேட்பேன். “வரைந்து முடித்துவிட்டு அதற்குள் மூன்று நிறம் அடித்துக் காட்டு, அப்புறம் பேசலாம்” என்பான். பிபிசி மைக்ரோ என்னும் இன்னொரு கணினியை வைத்திருந்தவர்கள் எங்கள் இருவரையும் பொம்மைக்காகச் சண்டையிடும் குழந்தைகளாகப் பார்த்தார்கள். அவர்களுடைய மாடல் பி அறிமுகமானபோதே 335 பவுண்டு.

நாங்கள் மட்டும் சண்டையிடவில்லை என்பதைப் பின்னாளில் அறிந்துகொண்டேன். ஸ்பெக்ட்ரத்தை வெளியிட்ட கிளைவ் சின்க்ளேரிடம் வேலை பார்த்துப் பிரிந்து சென்று ஏகார்ன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் கிறிஸ் கரி. பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்கான ஒப்பந்தம் சின்க்ளேருக்குக் கிடைக்காமல் ஏகார்னுக்குப் போனது, அதில் பிறந்ததுதான் பிபிசி மைக்ரோ; 1984 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் மதுவிடுதி ஒன்றில் கிளைவ் சின்க்ளேரும் கரியும் கைகலப்பில் இறங்கினார்கள். முதலாளிகளே அப்படியென்றால் பள்ளிக்கூடப் பையன்களை என்ன சொல்வது!

ஆனால் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தால் இந்தக் கட்சிகளுக்கு அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும். பிபிசி மைக்ரோவிலும் ஆப்பிள் 2-இலும் அடாரி 800-இலும் இருப்பது 6502 செயலி. கொமடோர் 64-இல் இருக்கும் 6510 அதே செயலியின் சிறு மாறுபாடு. 6502-ஐ உருவாக்கிய மாஸ் டெக்னாலஜி நிறுவனத்தை 1976-இல் வாங்கியது கொமடோர்தான். அடுத்த தலைமுறையில் நடந்தது இன்னும் வேடிக்கை. கொமடோரை வளர்த்த ஜாக் டிராமியல் 1984 ஜனவரியில் அங்கிருந்து விலகி, அதே ஆண்டு ஜூலையில் அடாரியின் வீட்டுக் கணினிப் பிரிவை வாங்கினார். அடாரி எஸ்டி என்னும் கணினி அவருடைய காலத்தில் பிறந்தது. அடாரியின் பழைய சிப்புகளை வடிவமைத்த ஜே மைனர் அமிகா என்னும் கணினியின் சிப்பு வடிவமைப்புக்குத் தலைமை தாங்கினார். அந்த அமிகாவைக் கொமடோர் வாங்கிக்கொண்டது. இரண்டும் 1985-இல் வெளிவந்தன, இரண்டிலும் மோட்டோரோலா 68000 செயலி. அதாவது அடாரிக் கொடியின் கீழ் கொமடோர் ஆட்களும், கொமடோர் கொடியின் கீழ் அடாரி ஆட்களும் நின்று மோதினார்கள். இந்தக் கதையை அமிகாக்காரர்களிடமும் எஸ்டிக்காரர்களிடமும் பல முறை சொல்லியிருக்கிறேன். ரசித்துக் கேட்பார்கள், கட்சி மாறியவர் ஒருவரும் இல்லை.

கணினிக்குப் புதிய வீடு தேடும்போது இந்தப் பற்று எப்படிக் குறுக்கே வருகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. காலமான தந்தையின் கொமடோர் 64-ஐ ஒரு பெண்மணி துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். “அண்ணா, இதை ஒரு கொமடோர்காரரிடமே சேர்த்துவிடுங்கள். அப்பா அதைத்தான் விரும்பியிருப்பார்” என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த கொமடோர்காரர் எவருடைய வீட்டிலும் ஏற்கெனவே இரண்டோ மூன்றோ இருக்கும். ஒன்று மேசையில், மற்றவை அடியில். இன்னொன்று போனால் அது உதிரிப் பாகங்களுக்கான கையிருப்பாக மாறும், அவ்வளவுதான். ஒரு பரணிலிருந்து மற்றொரு பரணுக்கு இடம் மாற்றுவதற்கு நான் எதற்கு? இதை அவரிடம் சொன்னபோது சற்று யோசித்துவிட்டு, “சரி, பயன்படுத்துகிறவர் கையில் போய்ச் சேரட்டும், அது போதும்” என்றார். மின்னணு இசை செய்யும் ஓர் இளைஞருக்கு அதைக் கொடுத்தேன். அவர் பிறப்பதற்கு முன்பே கொமடோர் நிறுவனம் திவாலாகிவிட்டது (அது 1994-இல்). அவருக்குக் கட்சி எதுவும் கிடையாது. சிட் சிப்பின் ஒலி வேண்டும், அதற்கான நிரலை இயந்திரத்திலேயே எழுதிப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பம்.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழிமுறை, ஒரே வகையை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு அதையே கொடுப்பதில்லை என்பது. எதிர்க்கட்சிக்காரரைத் தேடு, அல்லது எந்தக் கட்சியும் இல்லாதவரைத் தேடு. எதிர்க்கட்சிக்காரர் என்றதும் பலர் சிரிக்கிறார்கள். ஆனால் அவரைவிட நல்ல பயனர் அமைவது அரிது. அந்தக் காலத்துக் கணினி எப்படி இயங்கும் என்பது அவருக்குத் தெரியும், கேசட் வால்யூமைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கும் பொறுமை உண்டு, பொறியின் குணம் மட்டுமே புதிது. இளமையில் தொடவே கூடாது என்றிருந்த பெட்டியின் மேல் உள்ளூர ஒரு ஆர்வமும் இருக்கும். அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், நாமும் வற்புறுத்த வேண்டியதில்லை.

என்னிடம் உபரியாக இருந்த ஸ்பெக்ட்ரம் அப்படித்தான் ஒரு கொமடோர்காரருக்குப் போனது. ஃப்ளாப்பி டிரைவைச் சுத்தம் செய்து வாங்கிப் போக வந்தவர், மேசையில் அதைப் பார்த்ததும் ரப்பர் விசைகளைப் பற்றிக் கிண்டலைத் தொடங்கினார். “சார், ஒரு மாதம் வீட்டில் வைத்துப் பாருங்கள், அப்புறம் திட்டுங்கள்” என்று கையில் கொடுத்து அனுப்பினேன். அன்றிரவே அழைப்பு வந்தது. லோட் என்று அடித்தால் திரையில் லெட் என்ற சொல்லும் அதற்குப் பின்னால் மூன்று எழுத்துகளும் வந்து நிற்கின்றன, இயந்திரம் கெட்டுவிட்டதா என்று கேட்டார். கெடவில்லை. ஸ்பெக்ட்ரத்தில் கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடிப்பது கிடையாது. வரியின் தொடக்கத்தில் ஒரு விசையை அழுத்தினால் ஒரு முழுக் கட்டளை விழும். எல் விசைக்கு லெட், ஜே விசைக்கு லோட். இதைச் சொன்னதும் மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, “இதை யோசித்தவன் லேசுப்பட்டவன் இல்லை” என்றார். பாராட்டா வசவா என்று நான் கேட்கவில்லை. இப்போது கைபேசியிலிருந்து ஒலியை உள்ளே செலுத்தி நிரல்களை ஏற்றுகிறார், இரண்டு வண்ணக் கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு பழைய ஆட்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று ஆராய்கிறார். ஒரு மாதம் முடிந்து நெடுங்காலம் ஆகிறது.

அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேம்பிரிட்ஜில் உள்ள கணினி வரலாற்று மையம், பிளெட்ச்லி பார்க் வளாகத்தில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகம், கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் போன்றவை இத்துறைக்கே உரியவை. ஆனால் எந்த அருங்காட்சியகத்துக்கும் கிடங்கு என்பது அளவுக்குட்பட்டது. கொமடோர் 64 ஒரு கோடிக்கும் மேல் விற்ற இயந்திரம். இன்னொன்று அவர்களுக்கு எதற்கு? பெட்டியைவிட அதோடு வந்த காகிதங்களுக்கும், உரிமையாளர் தாமே எழுதிக் கேசட்டில் பதிந்து வைத்த நிரல்களுக்கும், பயனர் சங்கங்கள் தட்டச்சு செய்து சுற்றுக்கு விட்ட இதழ்களுக்கும்தான் அங்கே மதிப்பு அதிகம், ஏனெனில் அவற்றுக்கு வேறு பிரதி இல்லாமல் போகலாம். முதலில் எழுதிக் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே அனுப்ப வேண்டும்.

கேட்டு வருபவர்களில் யார் பயன்படுத்தப் போகிறவர், யார் பிரித்து விற்கப் போகிறவர் என்பதை ஒரு கேள்வியில் ஓரளவு கண்டுகொள்ளலாம். “இதை எந்தத் திரையில் இணைப்பீர்கள்?” என்று கேட்பேன். இந்தக் கணினிகள் பலவும் பழைய தொலைக்காட்சியின் ஆன்டெனா இணைப்பை நம்பியவை; புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் அந்த அலைவரிசையைப் பிடிக்கும் அனலாக் டியூனரே இல்லை. கொமடோர் 64-இல் காம்போசிட் என்னும் நேரடி வீடியோ வெளியீடு தனியாக உண்டு, ஸ்பெக்ட்ரத்தில் அதை உள்ளே சிறு மாற்றம் செய்து எடுக்க வேண்டும். உண்மையாக இயக்க நினைப்பவர் இதைப் பற்றி ஏற்கெனவே யோசித்திருப்பார், அல்லது கேள்வியைக் கேட்டதும் ஆர்வத்தோடு திருப்பிக் கேட்பார். வேலை செய்கிறதா என்பதைக்கூடக் கேட்காமல், உள்ளே இருக்கும் சிட் சிப் 6581 வகையா 8580 வகையா என்று மட்டும் விசாரிப்பவர் சிப்பைத்தான் தேடி வந்திருக்கிறார். இறந்துபோன போர்டுக்கு அவர் பொருத்தமான ஆள்; ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நான் அவருக்குக் கொடுப்பதில்லை.

கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளில் பவர் சப்ளைக்கே முதலிடம். கொமடோர் 64-உடன் வந்த கனத்த கறுப்புப் பெட்டியின் உள்ளே பெரும்பாலும் பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள், பிரித்துப் பழுது பார்ப்பது பாடு. அதில் மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் ரெகுலேட்டர் வயதாகிக் கெடும்போது 5 வோல்ட் குறைவதற்குப் பதிலாக உயர்ந்துவிடலாம். உயர்ந்தால் நினைவகச் சிப்புகள் போய்விடும். ஆகவே கணினியில் செருகுவதற்கு முன்பே மல்டிமீட்டரை வைத்து அளக்க வேண்டும், 5.2-ஐத் தாண்டினால் அந்தப் பெட்டியை ஓரமாக வைத்துவிட வேண்டும். சரியாக இருந்தாலும் புதிதாகச் செய்யப்படும் மாற்றுப் பெட்டியே நல்லது என்பது என் கருத்து. ஸ்பெக்ட்ரத்தில் ஆபத்து வேறு வகை. அதன் 9 வோல்ட் செருகியில் நடு முனை எதிர்மின்; இன்று கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் நடு முனை நேர்மின். உருவத்தில் பொருந்துகிறதே என்று செருகினால் பலகைக்குள் பாதிப்பு நிச்சயம். செருகிக்கு அருகிலேயே ஒரு சீட்டை ஒட்டி இதை எழுதித்தான் கொடுக்கிறேன். பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் மஞ்சள் நிறத்தில், ஒளி ஊடுருவும் உறையோடு இருக்கும் மின்வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் வெடிப்பு விட்டு ஈரத்தை உறிஞ்சும். இயக்கிய சிறிது நேரத்தில் நெடியுடன் புகை கிளம்பும். கணினிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் புது உரிமையாளர் அதற்குப் பிறகு அதைத் தொடவே மாட்டார். முன்பே மாற்றிவிடுவது உத்தமம்.

அமிகா 500 பிளஸ் வந்தால் சோதனைக்கு முன்பே திறந்துவிடுவேன். அதில் கடிகாரத்துக்காக ஒரு சிறு நிக்கல் காட்மியம் பேட்டரியைப் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள். உலோகக் கவசத்தை எடுத்ததும் முதலில் கண்ணில் படுவது பேட்டரியின் ஓரத்தில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி. அதைச் சுற்றிப் பளபளப்பு இழந்து பச்சை படர்ந்த செப்புப் பாதைகள். அருகிலுள்ள சிப் சாக்கெட்டின் கால்கள் கறுத்திருக்கும். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, கசிந்தது காரம் என்பதால் நீர்த்த வினிகரைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைத்து, பிறகு தண்ணீரிலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் கழுவி, முழுவதும் உலர்ந்த பின்னரே மின்சாரம் கொடுக்கலாம். பேட்டரி இல்லாமலும் அமிகா நன்றாக ஓடும், நேரம்தான் நினைவில் நிற்காது. பரணில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கசிவு இன்னும் சில பாதைகளைத் தின்னும் என்பதால், “யாருக்கும் கொடுக்க மனமில்லை” என்பவர்களிடமும் பேட்டரியை மட்டுமாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மஞ்சள் பூத்த உறையை வெளுப்பது பற்றி நிறையக் கேட்கிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் கொண்டு வெளுக்கலாம், ஆனால் மறுபடியும் மஞ்சளாகிவிடவும் கூடும். நான் செய்வதில்லை. சோப்பு நீரில் கழுவித் தருகிறேன். மற்றது வாங்குகிறவர் விருப்பம்.

கேசட்டுகளையும் ஃப்ளாப்பிகளையும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. அவற்றுள் கடிதங்கள், கணக்குகள், யாரோ எழுதிய நாட்குறிப்புகள் எல்லாம் இருப்பதைக் கண்டிருக்கிறேன். கையெழுத்துச் சீட்டு ஒட்டிய ஒவ்வொன்றையும் முதலில் கோப்பாக மாற்றிக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் சம்மதித்தவற்றை மட்டும் இயந்திரத்தோடு அனுப்புவது நல்லது.

இயன்றவரை நேரில் வந்து எடுத்துப் போகச் சொல்கிறேன். பார்சலில் அனுப்பியே ஆக வேண்டும் என்றால், பவர் சப்ளையைக் கணினி இருக்கும் பெட்டியில் வைக்கவே கூடாது. வழியில் அது இப்படியும் அப்படியும் உருண்டு விசைகளை உடைத்துவிடும்; நாற்பது ஆண்டு வயதான பிளாஸ்டிக் ஒரு செங்கல்லின் அடியைத் தாங்காது. அதைத் தனிப் பெட்டியில் அனுப்புங்கள். கேபிள்களை ஒன்று விடாமல் வைத்து, எது எங்கே செருக வேண்டும் என்று கையால் படம் வரைந்து சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் ஒரு கேபிள் குறைந்த கணினி முதல் நாள் மாலையே மீண்டும் அலமாரிக்குள் போய்விடும்.

பணம் வாங்குவதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இலவசம் என்று சொன்னால் வேண்டாதவர்களும் கேட்பார்கள் என்று என் நண்பர்கள் சிலர் சிறு தொகை வாங்குகிறார்கள். நான் வாங்குவதில்லை, ஆனால் ஒரு நிபந்தனை வைக்கிறேன்: எப்போது வேண்டாம் என்று தோன்றுகிறதோ அப்போது என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இதை வெட்கப்படாமல் செய்யலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதால் சில இயந்திரங்கள் உண்மையிலேயே திரும்பி வந்திருக்கின்றன. அவற்றுக்கு அடுத்த வீடு கிடைப்பதும் எளிதாகிறது, ஏனெனில் அவை இயங்கும் நிலையில், கேபிள்களோடு வருகின்றன.

எதற்கும் உதவாதவை என்று சில மிஞ்சும். போர்டு அரித்துப்போன அமிகாவிலிருந்து கீபோர்டையும் உறையையும் டிரைவையும் எடுத்துவைத்தால் இன்னொன்றை எழுப்ப உதவும். ஸ்பெக்ட்ரத்தின் விசைகளுக்கு அடியிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலம் காய்ந்து உடைவது வழக்கம் என்றாலும், அது இப்போது புதிதாகவே செய்து விற்கப்படுவதால் அதற்காக ஒரு இயந்திரத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இவையெல்லாம் கழிந்த பிறகு கையில் நிற்கும் வெற்றுப் போர்டுகளையும் வெட்டி எடுத்த பேட்டரிகளையும் வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் மின்னணுக் கழிவு பெறுமிடத்தில் கொடுத்துவிடுகிறேன். பேட்டரிகளை மட்டும், முனைகளில் டேப் ஒட்டித் தனியாக.